அசையாம பயந்துக்கோ

ஸ்கேன் முடிந்ததும் குழந்தையைத் தூக்கி இறக்குவது என் வேலை. நான் உள்ளே போய்க் கையை நீட்டும்போது எந்தக் குழந்தையும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் தோளுக்குப் பின்னால் கதவைப் பார்க்கும். கதவருகே யாரும் இருக்கமாட்டார்கள்.

"எங்கிட்ட பேசின அந்த ஆன்ட்டி எங்கே?" என்று கேட்கும்.

"அவங்க வேற வேலையா போயிருக்காங்க" என்பேன். ஊசி வலிக்காது என்று சொல்கிற வாய்க்கு இது ஒரு பொய்யா? ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லும்போது திரும்பி ஒருமுறை கதவைப் பார்த்துக்கொள்வேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. இத்தனைக்கும் நான் பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே எரிந்து விழுகிற ஆள்.

நான் சொல்ல வந்தது குழந்தைகள் தேடுகிற அந்தக் குரலைப் பற்றி அல்ல. அந்தக் குரலோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த மனிதரைப் பற்றி. எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் அவர்தான் சி.டி. ஸ்கேன் எடுப்பவர். எங்களுக்கெல்லாம் அவர் படக்காரர். நிஜப்பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆள் கம்பிக்குச் சட்டை போட்டது போல இருப்பார். நாள் முழுவதும் ஜன்னல் இல்லாத குளிர் அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து, மே மாதத்திலும் ஸ்வெட்டர் போடுகிற வழக்கம் வந்துவிட்டது. மனிதர்களை வெளிப்பக்கமாகப் பார்க்கிற பழக்கமும் விட்டுப்போய்விட்டது. ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், உங்க மூக்கு நடு எலும்பு கொஞ்சம் வலது பக்கமா வளைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்" என்றார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷமா என் வீட்டுக்காரரே அதைக் கண்டுபிடிக்கல. நீங்க டீயைக் குடிங்க" என்றேன்.

எங்களிடம் அடிக்கடி வருகிற குழந்தைகளில் ஒரு வகை உண்டு. சாதாரணச் சளியில் தொடங்கும். மூக்கைச் சுற்றி எலும்புக்குள்ளே காற்று அறைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே சீழ் கட்டும். அந்த அறைக்கும் கண்குழிக்கும் நடுவே இருக்கிற சுவர் காகிதம் மாதிரி மெல்லியது. சீழ் அதைத் தாண்டினால் கண்குழிக்குள் இறங்கிவிடும். இமை மட்டும் வீங்கியிருந்தால் மருந்திலேயே வடிந்துவிடும். கண்ணுக்குப் பின்னால் கட்டியிருந்தால் அது கண்ணை வெளியே தள்ளும், பார்வை நரம்பை நெரிக்கும், விட்டால் மூளைக்கும் போகும். சில குழந்தைகளுக்குக் கண்ணை அசைக்க முடிகிறதா, எதிரே இருப்பது தெரிகிறதா என்று பார்த்தே டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். பல குழந்தைகளுக்கு இமையைத் திறக்கவே முடியாது. யாரோ முஷ்டியால் குத்தியது போலச் சிவந்து, மூடி, பளபளவென்று இருக்கும். அப்போது படம்தான் சொல்ல வேண்டும். படம் சொல்ல வேண்டுமென்றால் குழந்தை அசையக் கூடாது. வலியிலும் காய்ச்சலிலும் இருக்கிற குழந்தையிடம் போய் அசையாதே என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

மெஷின் வந்த புதிதில் அதற்கென்று சொந்தக் குரல் ஒன்று இருந்தது. ஏதோ ஒரு மொழியில் ஓர் ஆண் திருடனைப் பிடித்து அதட்டுவது போலப் பேசுவான். அதைக் கேட்டதும் குழந்தைகள் வீல் வீலென்று கத்தும். அப்போது அந்த அறையில் படக்காரரோடு சேர்ந்து வேலை பார்த்தவள் அவருடைய மனைவி. வாயாடி. அவள் இருந்தால் அந்தக் குளிர் அறையும் கலகலவென்றிருக்கும். "இந்த ஆளை முதல்ல வாயை மூட வைக்கிறேன்" என்று சொல்லி, மெஷினில் அவன் குரலை எடுத்துவிட்டுத் தன் குரலைப் பதிந்து வைத்தாள். அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். மூச்சு வாங்க வாங்கப் பேசினாள். நான் பக்கத்தில் நின்று சிரித்து இரண்டு தடவை கெடுத்து, அவளிடம் திட்டு வாங்கினேன்.

அவள் கெட்டிக்காரி. வெறும் கட்டளையாக அதைப் பேசவில்லை. குழந்தைகள் எந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடங்களில் நிறுத்தி, பதில் சொல்ல நேரம் விட்டிருந்தாள்.

"வந்துட்டியா தங்கம்?" என்று கேட்கும் குரல். குழந்தை ம்ம் என்னும். "பெரிய வளையம் தெரியுதா?" கொஞ்சம் இடைவெளி. "அதுக்குள்ள தலையை வெச்சுப் படுத்திருக்கணும். பயமா இருக்கா?" இன்னும் கொஞ்சம் பெரிய இடைவெளி. குழந்தை ஆமாம் என்று அழும், அல்லது நீங்க யாரு என்று கேட்கும். "சரி சரி. பயந்துக்கோ, பரவாயில்ல. ஆனா அசையாம பயந்துக்கோ. நான் இங்கதான் இருக்கேன்." படம் எடுத்து முடிந்ததும், "அவ்ளோதான். எழுந்திரிக்காதே..." அங்கே அவளுக்கு மூச்சு ஒருமுறை வாங்கும். "வந்து தூக்கிக்கிறேன்."

இது எல்லாப் பிள்ளைகளிடமும் வேலை செய்தது. யாரும் பயப்படாதே என்றுதான் சொல்வார்கள். பயந்துக்கோ என்று அனுமதி கொடுத்த ஒரே ஆள் அவள்தான் போலிருக்கிறது. குரல் முடிந்ததும் அவளே உள்ளே போய்த் தூக்குவாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்.

மகள் பிறந்து தவழத் தொடங்கியிருந்த சமயம். ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தலை வலிக்கிறது என்று சொல்லிச் சுருண்டு விழுந்தாள். எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். மூளைக்குள் ரத்தக்குழாய் உடைந்திருந்தது. வேறு மெஷின் கிடையாது. பலகையில் அவளைக் கிடத்தியவள் நான். உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தியவர் அவர். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்த அந்த அவசரத்தில் குரலை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

"வந்துட்டியா தங்கம்?" என்று அவள் குரல் அவளைக் கேட்டது. பதிலுக்காகக் காத்திருந்தது. "பயமா இருக்கா?" என்று கேட்டுக் காத்திருந்தது. அந்த மெஷினில் அதுவரை படுத்தவர்களிலேயே கொஞ்சமும் அசையாமல் படுத்திருந்தவள் அவள்தான். "எழுந்திரிக்காதே" என்றது. அவள் எழுந்திரிக்கவில்லை.

படக்காரர் அந்தக் குரலை அழித்துவிடுவார் என்று நினைத்தோம். அழிக்கவில்லை. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, தன் அறையில் இருக்கும் ஒலிபெருக்கியின் திருகைச் சுத்தமாகக் குறைத்து, அதன்மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டினார். மெஷின் இருக்கும் அறையில் குரல் கேட்கும். நடுவே இருக்கிற கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவருக்குக் கேட்காது. குழந்தையின் உதடு அசைவதைப் பார்த்து, இப்போது குரல் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பொத்தானை அழுத்துவார். நாள்தோறும் மனைவியைப் பேசவிட்டு, நாள்தோறும் அவள் பேச்சைக் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு மெஷினைவிட அவரைக் கண்டுதான் பயம் வரும்.

மகளை அவருடைய தங்கை கூடவே இருந்து வளர்த்தாள். குட்டி என்று கூப்பிடுவார்கள். குட்டிக்கு அம்மா என்றால் சுவரில் மாட்டிய ஃபோட்டோ. மனைவியின் கைபேசியை எங்கோ பூட்டி வைத்துவிட்டார். ஒரு வீடியோகூட அந்தப் பிள்ளை பார்த்ததில்லை. "ஃபோட்டோ பேசாது, சிஸ்டர். அது பேசிட்டா, எப்ப வருவாங்கன்னு கேப்பா" என்று ஒருமுறை சொன்னார்.

குட்டி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் அது நடந்தது. சளி, காய்ச்சல். பிறகு வலது இமை வீங்கியது. பூச்சி கடித்திருக்கும் என்று அத்தை ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். மறுநாள் மத்தியானம் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தபோது கண் மூடியே போயிருந்தது. மூடிய இமைக்குள்ளிருந்து ஏதோ வெளியே வரப் பார்ப்பது போல முட்டிக்கொண்டு நின்றது.

கண் டாக்டரம்மா இரண்டு விரலால் இமையை மெதுவாக விரித்து, நல்ல கண்ணை மறைத்துக்கொண்டு, ஒரு சிவப்புப் பேனாவைக் காட்டினார்.

"இது என்ன கலர் பாப்பா?"

"காப்பி கலர்" என்றது குட்டி.

நல்ல கண்ணுக்குக் காட்டியபோது சிவப்பு என்றது. டாக்டரம்மா முகத்தில் ஈயாடவில்லை. நரம்பு நெரிபடத் தொடங்கினால் முதலில் சிவப்புதான் மங்கும். "உடனே படம் வேணும். சீழ் எங்க இருக்குன்னு தெரிஞ்சா இன்னிக்கே எடுத்துடலாம். விட்டா பார்வை திரும்பாது" என்றார்.

மயக்கம் கொடுக்கலாம் என்றால், அத்தை வருகிற வழியில் பிள்ளை அழுகிறதே என்று பால் கொடுத்திருந்தாள். மூக்கும் அடைத்திருந்தது. வயிற்றில் பால் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் புரையேறிவிடும், இப்போது முடியாது என்று மயக்க டாக்டர் கைவிரித்துவிட்டார். விழித்திருக்கும்போதே எடுக்க வேண்டும். சீழ் தெளிவாகத் தெரிய நரம்பு வழியாகச் சாய மருந்து ஏற்றுவோம். அந்தச் சின்ன உடம்புக்கு அதை ஒருதடவைதான் ஏற்றலாம். அந்த ஒருதடவையில் தலை அசைந்துவிட்டால் படம் கெட்டது.

இன்னொரு ஸ்கேன்காரர் விடுப்பில் இருந்தார். "நானே எடுக்கிறேன்" என்றார் படக்காரர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஸ்வெட்டர் பொத்தானை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்.

நான் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு குட்டியின் கால்மாட்டில் நின்றேன். மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு வெள்ளோட்டப் படம் எடுப்பார்கள். பலகை வளையத்துக்குள் நகர்ந்தது. குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் அதை நிறுத்தியிருந்தார். மைக்கில் அவரே பேசினார்.

"குட்டி, அப்பாதான். அசையாம படுத்துக்கோம்மா. பயப்படாதே."

அப்பா என்று கேட்டதும் பிள்ளை சும்மா இருக்குமா? "அப்பா எங்கே? அப்பா, வலிக்குது" என்று தலையைத் திருப்பித் திருப்பித் தேடியது. மறுபடி சொன்னார். மறுபடி தேடியது. அவர் குரல் உடையத் தொடங்கியது. அதைக் கேட்டுப் பிள்ளை இன்னும் பெரிதாக அழுதது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கவசத்தோடு அவர் அறைக்குப் போனேன்.

"அவ குரலைப் போடுங்க."

"வேணாம் சிஸ்டர்."

"இப்ப நின்னு வாதாட நேரமில்ல."

"அது கடைசியில என்ன சொல்லும்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றார் என்னைப் பார்க்காமல். "வந்து தூக்கிக்கிறேன்னு சொல்லும். மத்த பிள்ளைங்களுக்குச் சரி. என் பிள்ளைகிட்ட அப்படிச் சொல்லிட்டு அவ வராம இருந்தா, நான் என்ன பண்ணுவேன்?"

"கண்ணு இருந்தாத்தானே யார் வரலன்னு அவளால பார்க்க முடியும்?" என்றேன்.

கொடூரமான பேச்சுதான். வேறு பேச்சு எனக்குக் கிடைக்கவில்லை. அவர் ஒலிபெருக்கித் திருகின் மேலிருந்த பிளாஸ்திரியைக் கிழித்தார். வருஷக்கணக்கில் ஒட்டியிருந்தது, துண்டு துண்டாகத்தான் வந்தது. நான் திரும்பி ஓடி, குட்டியின் பாதங்களைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துட்டியா தங்கம்?"

அழுகை அப்படியே நின்றது. தேய்ந்து தேய்ந்து நிற்கவில்லை. யாரோ கையால் வாயைப் பொத்தியது போல நின்றது.

"வந்துட்டேன்" என்றாள் குட்டி.

"பெரிய வளையம் தெரியுதா?"

"தெரியுது. ஒரு கண்ணால தெரியுது."

"அதுக்குள்ள தலையை வெச்சுப் படுத்திருக்கணும். பயமா இருக்கா?"

"ஆமா. நீங்க இருக்கீங்களா?"

"சரி சரி. பயந்துக்கோ, பரவாயில்ல. ஆனா அசையாம பயந்துக்கோ. நான் இங்கதான் இருக்கேன்."

அந்தப் பதிவை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எந்த வார்த்தையும் மாறவில்லை. ஆனால் அன்று அது பதிவு மாதிரி இல்லை. என் கைக்குள் இருந்த பாதங்கள் தளர்ந்தன. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். படக்காரர் காதை ஒலிபெருக்கியோடு ஒட்டிவைத்துக் குனிந்திருந்தார். ஒரு கை திருகில், ஒரு கை பொத்தானில். மருந்து ஏறியது. மெஷின் உறுமிச் சுற்றியது. பிள்ளை அசையவே இல்லை. அவள் அம்மா அன்று படுத்திருந்த மாதிரியே படுத்திருந்தாள். மார்பு ஏறி இறங்குகிறதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"அவ்ளோதான். எழுந்திரிக்காதே... வந்து தூக்கிக்கிறேன்."

பலகை வெளியே வந்தது. குட்டி நல்ல கண்ணையும் மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காத்திருந்தாள். படக்காரர் ஓடி வந்து தூக்கினார். அவர் கை பட்டதும் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அந்த ஆன்ட்டி வந்துட்டுப் போய்ட்டாங்கப்பா" என்றாள். "என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. சூடா இருந்துச்சு."

கூட வந்திருந்த இளம் டாக்டர், "அது அந்த மருந்து பாப்பா, அது உள்ள போனா உடம்பு..." என்று தொடங்கினான். நான் அவன் காலை நன்றாக மிதித்தேன். சாய மருந்து ஏறினால் உடம்பு முழுக்க ஒரு சூடு பரவும். வருகிறவர்களிடமெல்லாம் முன்கூட்டியே அதைச் சொல்லி வைப்போம். அன்றைய அவசரத்தில் குட்டியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. இது எனக்குத் தெரியும். படக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"எங்கெல்லாம் சூடா இருந்துச்சு?" என்று கேட்டார்.

குட்டி கழுத்தைக் காட்டினாள், நெஞ்சைக் காட்டினாள், வயிற்றைக் காட்டினாள். அவர் அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அந்த அறையில் கை வைத்த இடமெல்லாம் சில்லென்றிருக்கும். அவர் கையும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பிள்ளை சிலிர்த்துக்கொண்டாள்.

படம் தெளிவாக வந்திருந்தது. வலது கண்குழியின் உள்சுவரை ஒட்டிச் சீழ் ஒரு பருப்பு அளவுக்குக் கட்டி, கண்ணைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. மாலையே மூக்கு வழியாகப் போய் அதை வடித்துவிட்டார்கள். மறுநாள் வீக்கம் குறைந்தது. அதற்கடுத்த நாள் டாக்டரம்மா சிவப்புப் பேனாவோடு வந்தார். நல்ல கண்ணைக் கையால் மறைத்தார். படக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிவப்பு. அன்னிக்கும் இதே பேனாதானே காட்டினீங்க?" என்றாள் குட்டி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் அழுதேன், சொல்வதற்கென்ன. படக்காரர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இன்னும் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பவர் போல நின்றார். எப்ப வருவாங்க என்ற கேள்விதான். அது வரும் வரும் என்று அவர் பயந்தது எனக்குத் தெரிந்தது.

அன்று மத்தியானம் மருந்து கொடுக்கப் போனேன். கதவருகே படக்காரர் நின்றுகொண்டிருந்தார், உள்ளே போகாமல். நானும் நின்றேன். குட்டி தலையணையைப் படுக்கவைத்து, அதன்மேல் பொம்மையைக் கிடத்தியிருந்தாள்.

"பயமா இருக்கா?" என்று பொம்மையைக் கேட்டாள். சரியாக அதே அளவு நேரம் விட்டாள். "சரி சரி. பயந்துக்கோ, பரவாயில்ல. ஆனா அசையாம பயந்துக்கோ." பிறகு, "அவ்ளோதான். எழுந்திரிக்காதே..."

அந்த இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவள் அம்மாவுக்கு வாங்கிய அதே இடம், அதே மாதிரி. அம்மாவுக்கு அன்று வயிற்றில் இவள் இருந்தாள். இவளுக்கு எதற்கு மூச்சு வாங்க வேண்டும்? ஒரே ஒரு தடவை கேட்டதை ஒரு பிள்ளை இப்படிப் பிடித்துக்கொள்ளுமா?

"வந்து தூக்கிக்கிறேன்" என்று சொல்லிப் பொம்மையை எடுத்து அணைத்துக்கொண்டாள்.

படக்காரர் போய்க் கட்டிலோரம் மண்டியிட்டார். "அது யாருன்னு தெரியுமா குட்டி?"

"ஃபோட்டோல இருக்கிறவங்க."

"யார் சொன்னது?"

"அவங்கதான் சொன்னாங்க."

பதிவில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. நான் சத்தியம் செய்வேன். பிறகு அத்தையிடம் கேட்டேன், தான் சொல்லவில்லை என்றாள். வார்டில் யாராவது உளறியிருப்பார்கள் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

படக்காரர் தலையைக் கட்டில்மேல் அவள் மடியோரம் வைத்துக் கண்ணை மூடினார். "எனக்கும் சொல்லு" என்றார்.

குட்டி பொம்மையை ஓரமாக வைத்துவிட்டு, முதலிலிருந்து சொன்னாள். வந்துட்டியா தங்கம் என்றாள். அவர் ம்ம் என்றார். பயமா இருக்கா என்றாள். அவர் தோள் குலுங்கியது. அவள் அவருக்காக அந்த இடைவெளியை முழுவதும் விட்டுக் காத்திருந்தாள். எழுந்திரிக்காதே என்றாள். வந்து தூக்கிக்கிறேன் என்றாள். பிறகு அந்தச் சின்னக் கைகளை அவர் கழுத்தில் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"முடியலப்பா" என்றாள். "நீங்க ரொம்பக் கனமா இருக்கீங்க."